தீவிலிருந்து தீவுக்கு: ஒன்பது பேரின் லங்காவிப் பயணம், திட்டமும் நடந்ததும்

பினாங்கில் குடியிருந்துகொண்டு கடற்கரை விடுமுறைக்கு இன்னொரு தீவுக்குப் போகிறோம் என்றதும் கோலாலம்பூர்ச் சித்தி சிரித்துவிட்டார். "வாசல்லயே கடல வச்சிக்கிட்டு எதுக்குமா இன்னொரு கடலு?" நியாயமான கேள்விதான். எங்கள் பினாங்கின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் பாராசெய்லிங் இருக்கிறது, ஜெட் ஸ்கீ இருக்கிறது, மணலில் குதிரை சவாரிகூட இருக்கிறது. இல்லாதது தெளிந்த தண்ணீர். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் வண்டல் அதிகம். முழங்காலளவு தண்ணீரில் நின்றால் நம் பாதம் நமக்கே தெரியாது. பிள்ளைகள் கேட்டது மீன் தெரிகிற கடல். அம்மா கேட்டது, "எங்கயாச்சும் போயி சும்மா உக்காந்துட்டு வரலாம்." இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்த்ததில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் வேலை பார்க்கிறேன். எந்த இயந்திரத்தில் எத்தனை மணிக்கு எது ஓடும், எங்கே பொருள் தேங்கும் என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. அதே பழக்கத்தில் இந்தப் பயணத்துக்கும் எக்செல் போட்டேன். போன இடத்திலும் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கீழே வருவதில் பாதியை நினைவிலிருந்து தப்பாகத்தான் எழுதியிருப்பேன்.

போனவர்கள்

அம்மாவுக்கு வயது 67. சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். இரண்டு முட்டியிலும் தேய்மானம்; படி என்றால் பயம். கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை. அண்ணன், அண்ணி, அவர்கள் மகன் (19), மகள் (16) பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள். அப்புறம் நான், என் வீட்டுக்காரர், மகன் (14), மகள் (9). மொத்தம் ஒன்பது பேர்.

ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம், ஒரு தடை. அண்ணன் மகனுக்கு ஸ்கூபா, அதாவது காற்று உருளை மாட்டிக் கடலுக்கடியில் முக்குளிப்பது, கற்க ஆசை. சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, இன்னும் பையில் இன்ஹேலர் இருக்கும். அண்ணி தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். அந்த முறை தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி என்பதால் மார்கழி பிறந்ததுமே விரதம் தொடங்கிவிட்டார். சுத்த சைவம், தனிப் பாத்திரம். கடற்கரையில் எந்தக் கடைக்குப் போனாலும் சுட்ட மீன் வாசம்தான், அதனால் இது சின்ன விஷயமில்லை. என் மகளுக்கு நீந்தத் தெரியும், ஆனால் குளத்தில் மட்டும். என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வேண்டும். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

முதல் திட்டம் உடைந்த விதம்

முதலில் பேசியது லங்காவி இல்லை, கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவு. அண்ணி யாரோ தோழி போட்ட படங்களைப் பார்த்திருந்தார்: கண்ணாடித் தண்ணீர், ஆமை, வெள்ளை மணல். எல்லாம் உண்மைதான், பெர்ஹெந்தியானில் அவை இருக்கின்றன. பள்ளி விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கும், அப்போதே போய்விடலாம் என்று வாட்சப் குழுவில் ஒரே இரவில் முடிவாகிவிட்டது. ஒரு ஏஜெண்டிடம் அண்ணன் 600 வெள்ளி (ரிங்கிட்) முன்பணமும் கட்டிவிட்டார். "டிசம்பர்ல கொஞ்சம் மழ இருக்கும், மத்தபடி ஒன்னும் பிரச்சன இல்ல" என்று அவர் சொன்னாராம்.

அடுத்த வாரம் அறைகளைப் பற்றிக் கேட்க நானே தங்குமிடங்களுக்கு நேராகத் தொலைபேசினேன். ஓர் இடத்தில் எடுக்கவே இல்லை. இன்னோர் இடத்தில் எடுத்த பெண், பிப்ரவரி கடைசி வரை மூடியிருக்கிறோம் என்றார். மூன்றாவது இடத்திலும் அதே பதில்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி நேராகக் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் வந்து மோதுகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றும் அந்தக் கடலில்தான் இருக்கின்றன. மலேசிய வானிலை ஆய்வுத் துறை கொடுக்கும் கடல் எச்சரிக்கையில் முதல் நிலைக்கே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. கோலா பெசுட்டிலிருந்து தீவுக்கு ஓடும் வேகப்படகை அதில் வைத்துப் பாருங்கள். தங்குமிடங்கள் சும்மா மூடவில்லை. சாப்பாட்டுப் பொருளையும் ஆளையும் கொண்டுபோக முடியாத மாதங்கள் அவை.

ஏஜெண்டிடம் திருப்பிக் கேட்டபோது, "அப்ப ரெடாங் மாத்திக்கலாம்" என்றார். ரெடாங்கும் அதே கடல்தான். 300 வெள்ளி திரும்பி வந்தது, மீதி வரவில்லை. அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் என் மேல் அதைவிட அதிகம். படுக்கை எத்தனை, காலைச் சாப்பாடு உண்டா, வைஃபை உண்டா என்று என் எக்செல்லில் பதினேழு வரிசை இருந்தது. கடலைப் பற்றி ஒரு வரிசைகூட இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடுமா என்று பார்க்காமல் பெட்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஆர்டர் எடுத்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அம்மா வீட்டில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து பேசினோம். மேசையில் மூன்று யோசனைகள். பெர்ஹெந்தியானை ஜூனுக்குத் தள்ளிவைப்பது. ஜனவரியில் லங்காவி. இல்லாவிட்டால் பத்து ஃபெரிங்கியிலேயே இரண்டு இரவு.

லங்காவியை இழுத்துக்கொண்டு வந்தது காற்றுதான். தீபகற்பத்தின் நடுவில் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் மேற்கே மழை குறைந்து கடல் அடங்கியிருக்கும். லங்காவிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். மழை அதிகம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பெர்ஹெந்தியானுக்கு அப்படியே தலைகீழ். ஒரே நாட்டில் இரண்டு கடல், எதிரெதிர் பஞ்சாங்கம். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் பருவக்காற்றைப் பார்த்துக் கப்பல் வந்த கதையையெல்லாம் மனப்பாடம் செய்த நாங்கள், சொந்தப் பயணத்துக்கு அதைப் பார்க்கவில்லை.

அண்ணன் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "லங்காவி தண்ணி பெர்ஹெந்தியான் அளவுக்குத் தெளிவா இருக்காது" என்றார். அது சரி. லங்காவி அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் சேரும் இடத்தில் இருக்கிறது. பந்தாய் செனாங்கில் நின்றால் நீலம் தெரியும், மீன் தெரியாது. பவளம் பார்க்கத் தெற்கே பாயார் தீவுக் கடல் பூங்காவுக்குப் படகில் போக வேண்டும். பாயாரிலும் பவளம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளிறியபோது பாயார், ரெடாங், தியோமான் பகுதிகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைக் கொஞ்ச காலம் மூடினார்கள். ஆகவே பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: மீன் இருக்கும், படத்தில் பார்த்த மாதிரி இருக்காது.

நாள் குறிப்பதில் ஒரு சின்ன லாபம் கிடைத்தது. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். லங்காவி கெடாவைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நாம் போகும்போது கெடாக் கூட்டம் ஏற்கெனவே வீடு திரும்பியிருக்கும். புத்தாண்டுக் கூட்டமும் கலைந்திருக்கும், பள்ளி இன்னும் திறந்திருக்காது. ஜனவரி 4 ஞாயிறு முதல் 7 புதன் வரை என்று வைத்தோம். நாங்கள் பிறகு எடுத்த வீடு டிசம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவுக்கு 750 வெள்ளி, எங்களுக்கு 480.

அம்மா, "மார்கழியில பயணமா?" என்று ஒரு முறை இழுத்தார். "கோயிலுக்குப் போற மாதிரி நெனச்சிக்குங்க, விரதம் இருக்கறவங்களே வர்றாங்க" என்று அண்ணி சொன்னதும் அடங்கிவிட்டார்.

வீட்டை அம்மாவுக்காகப் பார்த்தது

செனாங் கடற்கரையில்தான் எல்லாம் நடக்கிறது: ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங், பனானா போட், கடைகள், இரவுச் சத்தம். பிள்ளைகள் அங்கேதான் தங்க வேண்டும் என்றார்கள். நான் தெற்கே கொஞ்சம் தள்ளி, பந்தாய் தெங்காவில் ஒரு ஹோம்ஸ்டே எடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்று. அந்த வீட்டின் உரிமையாளருக்கு வீடியோ அழைப்பு போட்டு, கதவிலிருந்து மணல் வரை நடந்து காட்டச் சொன்னேன். படி இல்லை. ஒரு சின்ன வாய்க்கால் பாலம், அப்புறம் மணல். அம்மா யார் தயவும் இல்லாமல் தானே போய்த் தானே வரலாம். சமையலறையும் இருந்தது, அண்ணியின் தனிப் பாத்திரப் பிரச்சனை அதோடு தீர்ந்தது.

தண்ணீரில் இறங்குகிறவர்கள் எங்கே தங்கினாலும் வண்டி ஏறிக் கடலுக்குப் போய்விடுவார்கள். இறங்காதவர் அறையிலேயே கிடப்பதா, கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா என்பதைத் தங்கும் இடம் மட்டும்தான் தீர்மானிக்கிறது. முழுத் திட்டத்திலும் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கேபிள் கார் கேள்வி

என் எக்செல்லில் திங்கட்கிழமை இப்படி இருந்தது: காலை பாயார், அதில் வீட்டுக்காரருக்கும் அண்ணன் மகனுக்கும் அறிமுக ஸ்கூபா, மாலை நான்கு மணிக்கு மச்சின்சாங் மலையில் கேபிள் கார், இரவு செனாங். ஒரு நிமிடம் வீணில்லை. பார்க்கவே அழகாக இருந்தது.

முக்குளிப்பு நிறுவனம் முன்பதிவை உறுதிசெய்து அனுப்பிய செய்தியில், முக்குளித்த பிறகு விமானம் ஏறக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் படகில்தானே திரும்புகிறோம் என்று நான் கடந்துவிட்டேன். அதைக் குழுவில் படித்த அண்ணன் மகள் கேட்டாள்: "அத்த, கேபிள் காரும் மேலதான போகுது?"

அவள் கேட்டது சரி. நீருக்கு அடியில் அழுத்தம் அதிகம், அப்போது மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அந்த நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழாகப் பிரியலாம். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது போல. ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரம், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அது சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களை மனதில் வைத்துச் சொன்னது. கேபிள் காரின் உச்சி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 708 மீட்டர். அறிமுக முக்குளிப்பில் ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவுதான். ஆனால் 12 மணி நேரம் பொறுக்கச் சொன்ன இடத்தில் மூன்று மணி நேரத்தில் மலை ஏறுவதற்கு எந்த அவசரமும் இல்லை.

கேபிள் காரைச் செவ்வாய் மதியத்துக்குத் தள்ளினேன். திங்கள் மாலையில் ஒரு பள்ளம் விழுந்தது. அதில் என்ன போடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். கிலிம் சதுப்புநிலக் காட்டுக்குப் படகு, தயாங் பூந்திங் ஏரி என்று எதையாவது நுழைக்கப் பார்த்தேன். ஏரிக்குப் படி ஏற வேண்டும், அம்மாவால் ஆகாது. கடைசியில் எதுவும் பொருந்தாமல் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. சாம்பல் நிறம் அடித்து விட்டுவிட்டேன்.

நடந்தது

ஞாயிறு. அதிகாலை ஐந்தரைக்கு இரண்டு காரில் கிளம்பிக் கோலா பெர்லிஸ் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்தரைப் படகு பன்னிரண்டேகாலுக்குத்தான் எடுத்தது. நீர் வற்றிய நேரம். ஆற்றுமுகம் ஆழமில்லாமல் இருந்தது. படகு நேரத்தைப் பார்த்த நான் ஓதநேரத்தைப் பார்க்கவில்லை. கடலுக்கு வரிசையே வைக்காத பழைய எக்செல் புத்தி இன்னும் போகவில்லை. அண்ணி புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார், அதனால் தப்பித்தோம். இரண்டரை மணிக்குத் தீவில் வாடகை வேனின் சாவி கைக்கு வந்தது.

திங்கள். பாயாருக்கு ஏழு பேர். அம்மாவும் அண்ணியும் வீட்டில். படகுத்துறையில் முக்குளிப்பவர்களுக்கு மருத்துவப் படிவம் கொடுத்தார்கள். அண்ணன் மகன் ஆஸ்துமாக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்த வேறொரு பயணி, "இல்லன்னு போட்டுடு தம்பி, யாரு பாக்கப் போறா" என்றார். அவன் 'ஆம்' என்று குறித்தான். அதோடு முடிந்தது. மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டோம் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். பணத்தில் ஸ்நோர்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீர்ப்பரப்பில் மிதந்து பார்ப்பது) கட்டணம் போக மீதியை அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வாரமாக அவன் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். அந்தப் பயிற்றுநர் செய்தது முழுக்கச் சரி. தண்ணீருக்கு அடியில் மூச்சுக்குழல் சுருங்கினால் அடைபட்ட காற்று மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். அதற்காகத்தான் அந்தக் கேள்வி. தப்பு எங்களுடையது. படிவம் கேட்டால் முன்கூட்டியே அனுப்பியிருப்பார்கள். மருத்துவரிடம் காட்ட ஆறு வாரம் கையில் இருந்தது. ஒன்பது பேருக்கும் சட்டை அளவு கேட்டு எழுதி வைத்திருந்த நான், உடல்நிலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் மகன் நேர்மையாகக் குறித்ததால்தான் இதை அமைதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

பாயாரில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடப் பரவாயில்லை. கரையோரம் கறுப்பு முனைச் சுறாக் குட்டிகள் முழங்கால் பக்கம் சுற்றின. என் மகள் முதல் பத்து நிமிடம் என் கழுத்தை விடவில்லை, அப்புறம் அவளைக் கரைக்கு இழுத்து வருவதுதான் பாடு. வீட்டுக்காரர் ஸ்கூபாவிலிருந்து மேலே வந்து சொன்ன ஒரே வாக்கியம்: "கீழ ரொம்ப அமைதி." கூட்டம்தான் அதிகம். நண்பகலில் மூன்று படகு ஆட்கள் ஒரே மணல் துண்டில் இருந்தோம்.

மூன்று மணிக்கு வீடு. அந்தச் சாம்பல் கட்டம் தொடங்கியது.

யாரும் எதையும் திட்டமிடவில்லை. வீட்டுக்காரர் வராந்தாவில் படுத்துத் தூங்கிவிட்டார். அண்ணி ரசம் வைத்தார். அம்மா காலையிலிருந்தே சவுக்கு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். இடத்துக்கு உரியவர் மாதிரி எங்களை வரவேற்றார். ஐந்து மணி வாக்கில் வெயில் தாழ்ந்தது. அண்ணன் மகன் இன்னும் யாரோடும் பேசாமல் தண்ணீரோரம் உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் பக்கத்தில் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்து, நாங்கள் கொண்டுபோயிருந்த லைஃப் ஜாக்கெட்டில் பெரியதை எடுத்துக்கொண்டு போனான். பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு, அம்மா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. "முட்டி கனமே தெரியலடி" என்று கத்தினார். மிதக்கும் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, முட்டிக்கு வேலை குறைகிறது. அதைத்தான் அவர் சொன்னார். அறுபத்தேழு வயதில் முதல் முறை. நாற்பது நிமிடம் இருந்தார். அந்த நாற்பது நிமிடத்தைக் குறித்துவைக்கத்தான் நான் கரையில் நின்றேன், அப்புறம் கைப்பேசியைப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

செவ்வாய். செனாங்கில் விளையாட்டு. காலை ஒன்பதரைக்கு முதலில் போன இடத்தில் என் மகளுக்குப் பெரியவர் ஜாக்கெட்டையே இறுக்கிக் கட்டப் பார்த்தார்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினேன், ஜாக்கெட் காது வரை வந்தது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும். வேண்டாம் என்று நகர்ந்து, சின்ன அளவு வைத்திருந்த இன்னோர் இடத்துக்குப் போனோம். ஐம்பதடி தள்ளித்தான் இருந்தது.

ஜெட் ஸ்கீ எடுக்கும் முன் அண்ணன் அதைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்தார். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றியது. திரும்பி வந்ததும், முன்பக்கம் ஒரு கீறலைக் காட்டிப் பேச்சைத் தொடங்கினார்கள். அண்ணன் வீடியோவைக் காட்டினார். கீறல் அதிலும் இருந்தது. பேச்சு அதோடு நின்றது.

என் குறிப்பின்படி என் மகன் அன்று காலை ஜெட் ஸ்கீயில் 30 நிமிடம், பனானா போட்டில் 15, பாராசெய்லிங்கில் ஆகாயத்தில் 10. வரிசையில் நிற்பதிலும் பேரம் பேசுவதிலும் ஜாக்கெட் மாற்றுவதிலும் போனது 2 மணி 40 நிமிடம். இது யார் குற்றமும் இல்லை, அந்த விளையாட்டுகளின் இயல்பே அப்படி. ஆனால் காத்திருக்க நிழல் இருக்கிறதா, தண்ணீர் போத்தல் இருக்கிறதா என்பது விளையாட்டின் விலையைவிட முக்கியம் என்று அந்த வெயிலில் தெரிந்தது.

ஜெல்லி மீனுக்காக ஒரு போத்தல் வினிகர் எடுத்துப் போயிருந்தேன். பெட்டி ஜெல்லி இந்த வடக்குக் கடலில் உண்டு. லங்காவியில் அது கொட்டி உயிர் போனதும் நடந்திருக்கிறது. பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் ஒட்டியும் இன்னும் வெடிக்காத கொடுக்குகளை வினிகர் அடக்கும். ஏறிவிட்ட விஷத்தை அது ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் எல்லாருக்கும் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை. போத்தல் திறக்காமலேயே திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்து, "ஊறுகா போடவா எடுத்துட்டு வந்த?" என்று கேட்டதோடு சரி.

மதியம் கேபிள் கார். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அன்று ஓடியது. வீட்டுக்காரர் தண்ணீரிலிருந்து ஏறி ஒரு நாள் ஆகியிருந்தது. அழகுதான், மறுக்கவில்லை. அம்மா வரவில்லை. மரத்தடிக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

புதன். மூட்டை கட்டிப் படகு ஏறி வீடு. இந்த முறை ஓதநேரம் பார்த்துப் படகு எடுத்தேன்.

கணக்கு

வீடு 1,440 வெள்ளி. வேன் 660. படகு ஏறக்குறைய 500. இரண்டு காருக்கும் பெட்ரோல், டோல், நிறுத்தக் கட்டணம் 260. பாயார் 1,430. செனாங் விளையாட்டுகள் 520. கேபிள் கார் 400. சாப்பாடு 900. ஏஜெண்டிடம் போன 300. ஆக 6,410 வெள்ளி, ஆளுக்கு 712. அண்ணியின் சமையல் இல்லாவிட்டால் சாப்பாடு இன்னும் ஏறியிருக்கும். அவருக்கு விடுமுறை கிடைத்ததா என்று நான் பிறகுதான் யோசித்தேன், அவர் கேட்கவில்லை. அடுத்த முறை சமையல் முறை போட்டுத்தான் போகிறோம்.

திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எது நன்றாக இருந்தது என்று கேட்டேன். என் மகன் ஜெட் ஸ்கீ என்றான். என் மகள் சுறா. மற்ற ஆறு பேரும், ஸ்கூபாவுக்கு 350 வெள்ளி கொடுத்த வீட்டுக்காரர் உட்பட, திங்கட்கிழமை சாயங்காலம் என்றார்கள். அன்று மாலை எங்களுக்கு ஆன செலவு ஐந்து இளநீர். ஓய்வு என்ற சொல்லைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, கட்டங்களில் ஒன்றைக்கூட அதற்கு விடாத திட்டம் என்னுடையது. ஒரு முக்குளிப்பு விதி குறுக்கே வந்ததால்தான் அந்த மாலை எங்களுக்குக் கிடைத்தது. தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை முழு நேரமும் ஓட்டினால் ஒரு சின்னக் கோளாறுக்கே வரிசை முழுக்கக் குலையும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அதைக் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஜூன்

பெர்ஹெந்தியான் இன்னும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஒன்பது பேருக்கு இல்லை. அண்ணன், அவர் மகன், என் மகன் மூன்று பேர் மட்டும். கிழக்குக் கடல் அடங்கியிருக்கும் மாதம் அது. பையனை அவர்கள் குடும்ப மருத்துவர் மூச்சுத்திறன் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வந்த பிறகுதான் கையெழுத்தா இல்லையா என்று தெரியும். கிடைக்காவிட்டால் ஸ்நோர்க்கலிங் மட்டும் என்று அவனே சொல்லிவிட்டான். பினாங்கிலிருந்து கோலா பெசுட்டுக்குக் கெரிக், ஜெலி வழியாக ஆறு மணி நேரம் போல ஆகும். யானை குறுக்கிடும் காட்டுச் சாலை, இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். அது மலைத்தொடரைத் தாண்டும் சாலையும்கூட. கடைசி முக்குளிப்புக்கும் கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் ஓர் இரவு விட வேண்டும். இந்த முறை அதை முதல் வரிசையிலேயே எழுதிவிட்டேன்.

அம்மாவும் நாங்களும் அதே வார இறுதியில் பத்து ஃபெரிங்கியில். இடுப்பளவு தண்ணீருக்கு மீன் தெரிய வேண்டியதில்லை. வினிகர் போத்தல் வரும், அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டும் வரும். புதிய எக்செல்லில் ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு மேல் சாம்பல் நிறம் அடித்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அண்ணன் பெர்ஹெந்தியானின் இரண்டாம் நாள் கட்டத்தில் கயாக் என்று எழுதியிருந்தார். அழித்துவிட்டேன்.